தையல் போட்ட தவளை

அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பதினாறு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒற்றை எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. மேலிருந்து ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் இரண்டே இரண்டு எஸ். கடைசி வரியில் கோலிஸ்டின் என்றொரு பெயர். அதற்கு எதிரே எஸ்ஸும் இல்லை, ஆரும் இல்லை, ஐ என்று போட்டிருந்தது.

"ஐ-ன்னா என்னங்க டாக்டர்?"

"எஸ்ஸுக்கும் ஆருக்கும் நடுவுலன்னு அர்த்தம். அந்த மருந்துக்கு இப்பல்லாம் எஸ்ஸே போடறதில்லைங்க. ஐ, இல்லாட்டி ஆர். அது கடைசி மருந்து, கிட்னியைப் பார்த்துப் பார்த்துக் குடுக்கணும். நமக்கு இந்த எஸ் போதும்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

அப்பாவுக்குச் சுகர் வந்து பதினெட்டு வருஷம். பாதத்தில் உணர்ச்சி மழுங்கிவிட்டது. செருப்புக்குள் ஒரு சின்னக் கல் புகுந்ததே தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றியிருக்கிறார். சாயங்காலம் வாசல் திண்ணையில் சிவப்பாகத் தடம் விழுந்ததைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். முதலில் காட்டிய இடத்தில் புண்ணிலிருந்து மாதிரி எடுக்காமலே பத்து நாளைக்கு ஒரு மாத்திரை, அது கேட்கவில்லை என்றதும் இன்னொரு மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வாடை வர ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இதில் என் தப்பும் உண்டு. "மாதிரி எடுக்கலைங்களா?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் எனக்குக் கொஞ்சம் வேதியியல் தெரியும். பி.எஸ்சி. படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினோரு வருஷமாக ஷேடு மேட்ச் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கோலிஸ்டினைத் தேடிப் படித்தபோது, அதன் படத்தைப் பார்த்ததும் இது எங்கள் சாஃப்ட்னர் ஆயிற்றே என்றுதான் தோன்றியது.

சாஃப்ட்னர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை முழுக்க அது தேவைப்படும். காட்டன் துணி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் லேசான எதிர்மின்னேற்றம், அதாவது நெகட்டிவ் இருக்கும். கேட்டயானிக் சாஃப்ட்னர் என்பது நேர்மின் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட ஒரு மூலக்கூறு. தலை பாசிட்டிவ், துணி நெகட்டிவ். போய் ஒட்டிக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் துணி கைக்கு வழுவழுப்பாக இருக்கும். சோப்பு வகைகள் பல இதற்கு நேர் எதிர், அவற்றின் தலை நெகட்டிவ். சோப்பை ஒழுங்காக அலசி எடுக்காமல் சாஃப்ட்னரைக் கொட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தயிர் மாதிரி திரிந்து, துணி மேல் திட்டுத் திட்டாக உட்கார்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அதைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

கோலிஸ்டின் ஒரு பெப்டைடு. அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்தால் பெப்டைடு, அதுவே நீளமாகப் போனால் புரதம். கோலிஸ்டினை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கிறது. ஒரு வளையம், பின்னால் ஒரு கொழுப்பு வால், மொத்தத்தில் ஐந்து நேர்மின் புள்ளிகள். அது போய் ஒட்டிக்கொள்வது துணியில் அல்ல, இன்னொரு பாக்டீரியாவின் வெளிச்சவ்வில். ஒட்டிக்கொண்டபின் சவ்வைக் குலைத்துவிடும்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் இருந்த பதினேழு நாளும் சவ்வுகளைப் பற்றித்தான் படித்தேன். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் தவளை.

மைக்கேல் சாஸ்லாஃப் அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் பெதஸ்டாவிலுள்ள தேசியச் சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்தவர். குழந்தை மருத்துவர், மரபியலாளரும்கூட. 1986இல் அவர் ஆராய்ந்துகொண்டிருந்த விஷயத்துக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. செல்லின் உட்கருவிலிருந்து ஆர்.என்.ஏ. எப்படி வெளியே வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பெரிய முட்டைகள் வேண்டும். ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது.

இந்தத் தவளை ஆய்வகங்களுக்கு வந்த கதை தனி. 1930களில் லான்ஸ்லாட் ஹாக்பென் என்ற விலங்கியலாளரின் ஆய்விலிருந்து, கர்ப்பமான பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசி மூலம் ஏற்றினால் ஒரு நாளைக்குள் அது முட்டையிட்டுவிடும் என்பது தெரியவந்தது. கர்ப்பப் பரிசோதனைக்கு என்றே தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகம் முழுக்க ஏற்றுமதி ஆனது. வேறு சோதனைகள் வந்தபின் தவளைகள் ஆய்வகங்களிலேயே தங்கிவிட்டன.

சாஸ்லாஃப் தவளையின் வயிற்றைக் கீறி முட்டைப்பையை எடுப்பார். தையல் போடுவார். திரும்பத் தொட்டியில் விட்டுவிடுவார். அந்தத் தண்ணீர் ஒன்றும் சுத்தமானது இல்லை, கலங்கிப்போய், கிருமிகள் நிறைந்து கிடக்கும். அறுவைக்கும் பெரிய கிருமிநீக்க ஏற்பாடு கிடையாது. ஆனாலும் தையல் போட்ட இடம் சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. ஆறிக்கொண்டே வந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமாக இதே தவளைக்கு இதே தையலைப் போட்டிருக்கிறார்கள். தவளை பிழைத்தது, நல்லது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர்தான் நின்று, ஏன் சீழ் பிடிக்கவில்லை என்று கேட்டார்.

உட்கரு ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுத் தவளைத் தோலை எடுத்துக்கொண்டார். தோலைச் சாறாக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி பாக்டீரியாவைக் கொல்கிறது என்று தட்டுகளில் சோதித்துக்கொண்டே போனார். கடைசியில் கையில் கிடைத்தவை இரண்டு பெப்டைடுகள். ஒவ்வொன்றிலும் 23 அமினோ அமிலங்கள், இரண்டுக்கும் இடையே இரண்டே இடங்களில் வித்தியாசம். எபிரேய மொழியில் கேடயத்துக்கு மாகேன் என்று பெயர். அதிலிருந்து மாகைனின் என்று பெயர் வைத்தார். 1987 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது.

அவருக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழு, செக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவை ஊசி போட்டு, அது பதிலுக்கு என்ன சுரக்கிறது என்று பார்த்து, 1981இல் செக்ரோபின்களை விவரித்தது. கூட்டுப்புழு உறக்கத்தில் இருப்பதால் உடம்பில் வேறு வேலை எதுவும் பெரிதாக நடக்காது. ஊசி போட்டபின் புதிதாகத் தென்படுவது கிருமிக்கு எதிரான சரக்காகத்தான் இருக்க வேண்டும். இந்த யோசனைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

மாகைனின் தண்ணீரில் இருக்கும்போது அதற்கென்று ஓர் உருவம் கிடையாது, தளர்ந்த நூல் மாதிரி கிடக்கும். சவ்வைத் தொட்டதும்தான் சுருள்கம்பி போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பிறகு பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க லைசின் என்ற அமினோ அமிலங்கள், அவை நேர்மின் கொண்டவை. மறுபக்கம் எண்ணெயோடு சேர விரும்பும் அமிலங்கள். திரும்பவும் எங்கள் சாஃப்ட்னர்தான். தலை-வால் என்று இருப்பதற்குப் பதிலாக முதுகு-வயிறு என்று இருக்கிறது, அவ்வளவே.

இனி சவ்வு. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள், எவ்வளவு மெல்லியதாகப் பரவும் என்று. 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதைத் தண்ணீர் மேல் ஒற்றை மூலக்கூறு கனத்தில் பரப்பி, பரப்பளவை அளந்தார்கள். சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வந்தது. ஆக, செல்லைச் சுற்றியிருப்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அவர்கள் அசிட்டோனால் எடுத்ததில் கொழுப்பு முழுக்க வரவில்லை. சிவப்பணுவின் பரப்பையும் குறைத்தே கணக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது! லேபில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை.

அந்த இரண்டடுக்கின் மொத்தக் கனம் 5 நானோமீட்டர் அளவு. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பத்தில் ஒரு வோல்ட் அளவுக்கு மின்னழுத்த வித்தியாசத்தைப் பாக்டீரியா தாங்கிக்கொண்டிருக்கிறது. பத்தில் ஒரு வோல்ட் என்றால் பென்சில் பேட்டரியில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனால் 5 நானோமீட்டருக்குள் அது அடங்கியிருக்கிறது. மீட்டர் கணக்குக்கு மாற்றினால் மீட்டருக்கு 2 கோடி வோல்ட். இவ்வளவு இழுவிசையில் நிற்கும் ஒரு மெல்லிய படலத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே சேர்த்துவைத்த அயனிகள் வெளியே, வெளியே தள்ளிய அயனிகள் உள்ளே. அழுத்தம் சமமாகிவிடும். செல்லின் கதை முடிந்தது.

சரி, தவளையின் செல்லுக்கும் இதே மாதிரி சவ்வுதானே இருக்கிறது, மாகைனின் அதை ஏன் ஓட்டை போடவில்லை? வித்தியாசம் எந்தக் கொழுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின் கொண்ட கொழுப்புகள் வெளிப்பக்கமே நிறைய உண்டு. தவளை, கோழி, நான், நீங்கள் எல்லோரும் அந்த மாதிரிக் கொழுப்பைச் செல்லின் உள்பக்க அடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறோம். வெளிப்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. போதாததற்குக் கொலஸ்ட்ரால் வேறு இடையில் புகுந்து சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கொலஸ்ட்ரால் என்றால் ரத்தப் பரிசோதனைத் தாளில் வில்லனாகத்தான் நமக்குப் பழக்கம். அது இல்லையென்றால் நம் செல்களின் சவ்வு இவ்வளவு கெட்டியாக இருக்காது.

எல்லாப் பெப்டைடும் இப்படி ஆள் பார்த்து அடிப்பதில்லை. தேனீ விஷத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின் என்ற 26 அமினோ அமிலப் பெப்டைடு. அது பாக்டீரியாவையும் உடைக்கும், நம் சிவப்பணுவையும் உடைக்கும். தேனீக்கு அதுதானே வேண்டும்.

ஓட்டை எப்படி விழுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இதில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரைபடம் போட்டுக் காட்டியவர் ஜி.என். ராமச்சந்திரன், உடன் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். உலகம் முழுக்க இன்றும் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே சொல்கிறார்கள். அவர் பின்னால் பெங்களூர் போய் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கினார். அந்தத் துறையில்தான் பி. பலராம், ஒரு பூஞ்சையில் கிடைக்கும் அலமெத்திசின் என்ற பெப்டைடை எடுத்துக்கொண்டு, அது சவ்வில் எப்படி வழி போடுகிறது என்று ஆராய்ந்தார். அதில் ஒரு விசித்திரமான அமினோ அமிலம் உண்டு. ராமச்சந்திரன் வரைபடத்தில் மிகச் சின்ன இடம்தான் அதற்கு அனுமதி, அதனால் அது இருக்கும் சங்கிலி சுருளாக மடிந்தே தீர வேண்டும். அவருடைய மாணவர் ஆர். நாகராஜ் பின்னால் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் பல பத்தாண்டுகள் இந்த வகைப் பெப்டைடுகளையே ஆராய்ந்தார்.

அலமெத்திசின் சுருள்கள் வட்டமாக நட்ட பந்தல்கால் மாதிரி சவ்வுக்குள் நெருக்கி நின்று, நடுவில் ஒரு குழாயை உண்டாக்குகின்றன. மாகைனினும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தார்கள். 1996இல் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஹுவே ஹுவாங் குழுவும், ஜப்பானில் கியோட்டோவின் மட்சுசாகி குழுவும் தனித்தனியாக வேறொரு படத்தைக் கொண்டுவந்தன. மாகைனின்கள் முதலில் சவ்வின் மேல் படுத்துக்கொள்கின்றன. ஒன்றிரண்டு படுத்தால் ஒன்றும் ஆகாது. மேலும் மேலும் வந்து படுக்கப் படுக்க, வெளியடுக்கு நெருக்கடி தாங்காமல் விரிந்து மெலிகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் சவ்வு தானாகவே உள்பக்கம் வளைந்து, மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஓட்டையாகிவிடுகிறது. உளுந்து வடையின் நடு ஓட்டை மாதிரி, மேற்பரப்பு அப்படியே வளைந்து கீழ்ப்பரப்பாகிவிடும். அந்த ஓட்டையின் சுவரில் பெப்டைடும் இருக்கும், கொழுப்பின் தலைகளும் இருக்கும். நிலையான குழாய் கிடையாது. திறக்கும், மூடும், இன்னொரு இடத்தில் திறக்கும்.

எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த சோதனை 1990இல் நடந்தது. அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்துவது இடக்கை வடிவத்தை. பெப்டைடைச் செயற்கையாகக் கோக்கும் முறைக்காக 1984இல் நோபல் வாங்கிய புரூஸ் மெரிஃபீல்டின் குழு, போமனோடு சேர்ந்து, செக்ரோபினையும் மாகைனினையும் மெலிட்டினையும் முழுக்க முழுக்க வலக்கை அமிலங்களாலேயே செய்து பார்த்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. சாதாரணமாக ஒரு மருந்து கிருமியின் ஏதோ ஒரு புரதத்தில் போய்ப் பொருந்தித்தான் வேலை செய்யும். இடது செருப்பு வலது காலுக்குச் சேராத மாதிரி, பிம்ப மருந்து அங்கே பொருந்தாது. ஆனால் இவை அச்சு அசலாக அதே வீரியத்தோடு பாக்டீரியாவைக் கொன்றன. பூட்டும் இல்லை சாவியும் இல்லை என்றாகிவிட்டது. சேற்றை மிதிக்க எந்தக் கால் செருப்பாக இருந்தால் என்ன?

இதிலிருந்துதான் சாஸ்லாஃபின் பெரிய நம்பிக்கை பிறந்தது. வழக்கமான மருந்தைத் தோற்கடிக்கப் பாக்டீரியா ஒரு புரதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், பூட்டை மாற்றுவது மாதிரி. சவ்வையே தாக்கும் ஆயுதத்திடமிருந்து தப்பிக்க வேண்டுமானால் வீட்டின் சுவர் முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும். கோடிக்கணக்கான வருஷமாகத் தவளையும் பூச்சியும் இதே ஆயுதத்தை வைத்திருக்கின்றன, இன்னும் அது மழுங்கவில்லையே? எதிர்ப்பு உருவாவது வியக்கத்தக்க அளவுக்கு அபூர்வம் என்ற பொருளில் 2002இல் எழுதினார்.

மருந்தாக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சாஸ்லாஃப் தொடங்கிய கம்பெனி மாகைனினைக் கொஞ்சம் மாற்றி 22 அமினோ அமிலங்களில் பெக்சிகனான் என்ற ஒன்றைச் செய்தது. ஊசியாக உடம்புக்குள் ஏற்ற முடியாது என்பதால் களிம்பு. எதற்கான களிம்பு என்று படித்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுகர்காரர்களின் பாதப்புண்ணுக்கு. 835 நோயாளிகளிடம், ஒரு பாதிக்குக் களிம்பும் மறு பாதிக்கு ஆஃப்லாக்சசின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குணப்படுத்தின. மாத்திரை சாப்பிட்ட சிலரிடம் அந்த மாத்திரைக்கு எதிர்ப்பு வந்தது, களிம்பு போட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எதுவும் வரவில்லை. ஆனால் 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. பின்னால் வேறொரு கம்பெனி எடுத்து நடத்திய சோதனைகள் 2016இல் முடிந்தன. மருந்தில்லாத வெறும் களிம்பைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

அமெரிக்காவின் அமைப்பைத் திட்டி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகத் துடைத்து, செத்த தோலை வெட்டி, எடை விழாமல் காலைத் தூக்கி வைத்திருந்தாலே பாதிப் புண் ஆறும் என்பதை அப்பாவின் காலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கவனிப்பைத் தாண்டி மருந்து என்ன செய்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான். தட்டில் பாக்டீரியாவைக் கொல்வது வேறு. புண் என்பது உப்பும் சீழும் புரதம் தின்னும் நொதிகளும் கலந்த குட்டை. 22 மணி கோத்த ஒரு சங்கிலி அதற்குள் எவ்வளவு நேரம் முழுசாக இருக்கும்?

கிருமிக்கு எதிர்ப்பு வராது என்ற சாஸ்லாஃபின் நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் சுவாரசியம். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பரிணாம உயிரியலாளர் கிரஹாம் பெல், இன்னொருவரோடு சேர்ந்து 2003இல் ஒரு மறுப்பு எழுதினார். எந்த ஆயுதத்தையும் வருஷக்கணக்கில் டன் கணக்கில் கொட்டினால் கிருமி பழகிக்கொள்ளும். இந்தப் பெப்டைடுகளுக்குப் பழகினால் இன்னும் ஆபத்து, நம் உடம்பே சுரக்கும் இதே இனப் பெப்டைடுகளுக்கும் அது அடங்காமல் போய்விடலாம் என்பது அவர் வாதம். நம் உடம்பும் சுரக்கிறதா என்றால், ஆமாம். வெள்ளையணுக்களில் டிஃபென்சின்கள், வியர்வையில் டெர்ம்சிடின், தோலிலும் வேறு பல இடங்களிலும் எல்எல்-37. ஸ்வீடனில் 2003இல் ஒரு குழு நாள்பட்ட கால்புண்களின் ஓரத்தோலைப் பார்த்தபோது, சாதாரணக் காயம் ஆறும்போது தோலில் கூடுகிற அந்த எல்எல்-37 அங்கே காணோம்.

சாஸ்லாஃப் முடிந்தால் செய்து காட்டுங்கள் என்றார். பெல்லும் அவர் மாணவரும் செய்தார்கள். பாக்டீரியாக்களை 24 தனித்தனி வம்சங்களாகப் பிரித்து, பெக்சிகனானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே, 600 முதல் 700 தலைமுறை வரை வளர்த்தார்கள். 24இல் 22 வம்சங்கள் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன. கட்டுரை 2006இல் வெளியானது. எழுதியவர்கள் மூன்று பேர். நடுவில் இருக்கும் பெயர் மைக்கேல் சாஸ்லாஃப்.

அதை இரண்டு முறை படித்தேன். தன் வாதம் தோற்றதை அறிவிக்கும் கட்டுரையில் தன் பெயரையும் போட்டுக்கொள்கிற மனுஷன். எங்கள் பட்டறையில் ஒரு லாட் ஷேடு தப்பிப் போனால் ரெசிபி தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும்.

கிருமி என்ன செய்து தப்பிக்கிறது என்பது கோலிஸ்டின் விஷயத்தில் துல்லியமாகத் தெரியும். அதுவும் சாயப்பட்டறைக்காரனுக்கு உடனே புரிகிற தந்திரம். உப்பே போடாமல் சாயமேற்ற வேண்டும் என்றால் நாங்கள் காட்டன் மேல் முதலில் பாசிட்டிவை ஏற்றிவிடுவோம், துணியின் குணமே மாறிவிடும். பாக்டீரியாவும் அதே மாதிரி, தன் வெளிச்சவ்விலுள்ள கொழுப்பின்மேல் நேர்மின் கொண்ட ஒரு துண்டை ஒட்டவைத்துக்கொள்கிறது. எதிர்மின் குறைந்துவிடுகிறது. கோலிஸ்டினுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. சுவரை இடிக்கவே தேவைப்படவில்லை. பெயிண்ட் மாற்றினால் போதுமாக இருந்தது.

இந்த வேலையைச் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைச் சீனாவில் கண்டுபிடித்ததாக 2015 நவம்பரில் செய்தி வந்தது. பன்றிகளில், கடை இறைச்சியில், நோயாளிகளில் என்று எல்லா இடத்திலும் இருந்தது. பாக்டீரியாவின் நிலையான மரபுத்தொகுதியில் இல்லாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் சின்ன வளையத்தில் அது இருந்ததுதான் எல்லோரையும் கலங்க வைத்தது. சீனாவில் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் ஏராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது சீனாவின் பழக்கம் மட்டும் இல்லை.

என் மாமா நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம், "கோலிஸ்டின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா மாமா?" என்றேன்.

"ஏன், நல்லாத் தெரியுமே. முன்னெல்லாம் தீவனத்துல போடுவோம். குஞ்சுக்கு வயித்தால போகாது, எடை நல்லா நிக்கும். இப்பத்தான் தடை பண்ணிட்டாங்களே."

"அது மனுஷங்களுக்குக் கடைசி மருந்துங்க மாமா."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்துன்னே நாங்க நினைக்கல மாப்பிள்ளை. மக்காச்சோளம், சோயா, தவிடு, அதுகூட ஒரு பவுடர். அப்படித்தான் தெரியும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டையாக விற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் மீனுக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு தடை செய்தது 2019 ஜூலையில். 1950களில் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைத்து, மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபின் திரும்பத் தேடி எடுத்த மருந்து அது. டாக்டர்கள் அலமாரியில் பூட்டிவைத்திருந்த நாளெல்லாம் கோழிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. நடுவில் இருந்த இரண்டு எஸ்ஸில் ஒன்று வேலை செய்தது. வீட்டுக்கு வந்தபின் டிரெஸ்ஸிங் என் பொறுப்பு. வாராவாரம் சனிக்கிழமை திருப்பூரிலிருந்து போய்விடுவேன், மற்ற நாளில் நர்ஸ் ஒருவர் வந்து போவார். சலைன் ஊற்றிக் கழுவும்போது அப்பாவுக்கு வலிக்காது, அதுதான் வருத்தமே. காஜ் துணியை நனைத்து மெல்லப் பிரித்தால் உள்ளே மாதுளம்முத்து நிறத்தில் சதை பூத்திருக்கும். அந்த நிறம் வந்தால் நல்லது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டே தவளைக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்ப கெணத்துத் தவளைக்கும் அது இருக்குமா கண்ணு?" என்றார்.

"இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்குமுங்கப்பா. கேரளாவுல ஒரு தவளைத் தோல்ல இருந்துகூட, ஃப்ளூ வைரஸைக் கொல்ற மாதிரி ஒண்ணு எடுத்திருக்காங்க. உருமின்னு பேரு வச்சாங்க. உருமிங்கறது அவங்க ஊர்ச் சுருள்வாளு."

"தவளையைக் கொன்னா எடுத்தாங்க?"

"இல்லீங்க. லேசாக் கரண்ட் வச்சா தோல்ல சுரக்கும். வழிச்சு எடுத்துட்டு விட்டுட்டாங்களாம்."

"அது வரைக்கும் பரவால்ல" என்றார்.

பிளாஸ்டிக் ஸ்கேலைச் சலைனில் கழுவிப் புண்ணின் ஓரத்தில் வைத்தேன். போன சனிக்கிழமை 14 மில்லிமீட்டர். இப்போது 11. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அதை எழுதி, தேதி போட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார் அப்பா. அப்புறம் எழுந்து போவதற்கு முன்னால் செருப்பு இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை தட்டிவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.